எங்கள் கார்டு விஞ்ஞானி

ரேஷன் கார்டுக்கு ஒரு ஆராய்ச்சியாளர் என்று அரசு ஒதுக்கியதில் எங்களுக்கு வந்தவள் மெர்லின். தவளை ஆராய்ச்சிக்காரி. வருடாவருடம் சித்திரையில் வீடு தேடி வந்து, தான் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுக் குடும்பத் தலைவி கைரேகை வைத்தால்தான் ஆராய்ச்சி தொடரும். எங்கள் வீட்டில் தலைவி நான்.

இந்த முறை மோரைக் குடித்துவிட்டு, "அக்கா, இந்தத் தவளை கத்துனா மறுநாள் மழைன்னு போன வருஷம் சொன்னேன்ல, அது தப்புக்கா. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

அவள் பேச்சை நம்பி வடாம் பிழியாமல் விட்டவள் நான். எனக்கே சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் குதித்தார்.

"தப்புன்னு சொல்றதுக்கா நம்ம வரிப்பணத்துல சம்பளம்? எதிர்வீட்டுத் தவமணிக்கு வந்தவரப் பாரு. மாடியில பூசுற பெயிண்டு கண்டுபிடிச்சிருக்காரு. பூசினா வீடே குளுகுளுன்னு ஆயிடுதாம். வருஷா வருஷம் வெற்றிதான். இந்தப் பொண்ண மாத்திடு."

மெர்லின் தலைகுனிந்தபடி கைரேகைக் கருவியை என் முன்னால் வைத்தாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கக்கத்தில் பாயோடும் பின்னால் பிள்ளைகளோடும் தவமணி நின்றாள்.

"அக்கா, வீட்டுக்குள்ள இருக்க முடியல, கொதிக்குது. நேத்து மாதிரியே கொஞ்ச நேரம் இங்க படுத்துக்கிறோம்."

"பெயிண்டு பூசியிருக்கியே?"

"பூசியிருக்கேன்க்கா. அவரு வெற்றின்னுதான் சொன்னாரு. நானும் ரேகை வச்சிட்டேன்."

என் வீட்டுக்காரர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

நான் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக் கருவியில் அழுத்தினேன்.

"அடுத்த வருஷமும் தப்பாப் போனா, தப்புன்னே வந்து சொல்லு" என்றேன்.