நான்காவது பட்டை

நான்கு தங்கப் பட்டை போட்ட கேப்டன் சட்டை மருதப்பனின் பெட்டியில் இருபது வருஷமாக மடித்தபடியே கிடந்தது. அவர் உடம்பில் இருந்ததோ துணை விமானியின் மூன்று பட்டைதான். கேப்டன் ரங்கபாஷ்யம் ஓய்வு வயதை நெருங்கும் போதெல்லாம், அரசாங்கம் அந்த வயதை ஐந்து வருஷம் தள்ளிவைத்துவிடும். இப்படி நான்கு முறை நடந்தாகிவிட்டது.

இன்று கேப்டனுக்கு எண்பத்தைந்து முடிகிறது. இந்த முறை ஆணை எதுவும் வரவில்லை. ஓய்வு பெறுபவரின் கடைசி விமானத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சி வழியனுப்புவது வழக்கமல்லவா? அதற்காகத் திருச்சியில் தீயணைப்பு வண்டிகள் காத்திருந்தன.

"தம்பி, ஓடுபாதை தெரியுதா?" என்றார் கேப்டன்.

"தெரியுதுங்க சார்" என்ற அறுபத்திரண்டு வயதுத் தம்பி, வழக்கம்போலத் தானே விமானத்தை இறக்கினார்.

கேப்டன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மருதப்பன் காதில் கட்டுப்பாட்டு அறையின் குரல் கேட்டது.

"இப்பதான் சார் ஆணை வந்துச்சு. கேப்டன்களுக்கு இனிமே தொண்ணூறு வயசு."

மருதப்பன் பெருமூச்சு விட்டார். "அப்ப தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க."

"இல்ல சார், நிக்கட்டும். இளைஞர்களுக்கு வழிவிடணும்னு துணை விமானிகளுக்கு அறுபதாக் குறைச்சுட்டாங்க. இன்னிலேர்ந்தே அமல்."

இருபுறமிருந்தும் தண்ணீர் சீறிவந்து விமானத்தின் முகப்பில் கொட்டியது. கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல மழை தம்பி, வைப்பரைப் போடு."

மருதப்பன் போட்டார்.