விசுவாசத்துக்கு மலாயில் என்ன?

ராஜாவிடமும் நாட்டிடமும் ஒரு குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

சின்னக்கருப்பனுக்குக் கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். விசுவாசமாக இருக்க வேண்டும். அந்த விசுவாசத்துக்கு மலாய்ச் சொல்தான் வாயில் இல்லை.

காலையில் தானா ராத்தாவில் லாரியை விட்டு இறங்கும்போதுகூட இருந்தது. டவுனில் ஒரு கோப்பி குடித்தான். அதோடு சேர்த்து விழுங்கிவிட்டான் போல.

அது எழுபத்திரண்டாம் வருடம். தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக மருந்தடிப்பவன். கையில் இருந்த அடையாள அட்டையோ சிவப்பு ஐ.சி. நீல ஐ.சி. கிடைத்தால் குடிமகன். கிடைக்காவிட்டால், வேலை பெர்மிட் முடிந்ததும் கப்பல்.

நாலு வயதில் விட்டு வந்த ஊரில் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

மொழிப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தான். இந்த முறை எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு கடைசிக் கேள்வி வரைக்கும் வந்துவிட்டான்.

சொல் வராவிட்டால் என்ன, அர்த்தத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதுதான் வினை.

"நாய் மாதிரி, துவான்," என்றான் தனக்குத் தெரிந்த மலாயில்.

அதிகாரியின் பேனா நின்றது. தலையில் சொங்கோக் தொப்பி வைத்த, பொறுமையான மனிதர். சுவரில் மாட்டியிருந்த ராஜா படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சின்னக்கருப்பனைப் பார்த்தார்.

"யார் நாய்?"

சின்னக்கருப்பனுக்கு வேர்த்தது. அந்த மலைக் குளிரில் ஒருவனுக்கு வேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

நாயை விட்டுவிட்டு அட்டைப்பூச்சிக்குத் தாவினான். பிடித்தால் விடாது, துவான். இழுத்தாலும் வராது. ரத்தம் குடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும்.

அட்டைப்பூச்சிக்கு மலாயில் பச்சாட். அது மட்டும் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

அதிகாரி மேசைக்கு அடியில் குனிந்து தன் காலுறையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து பெண்டாட்டி. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வந்தாலும் சோறு போடுவாள், துவான். அடித்தாலும் அம்மா வீட்டுக்குப் போகமாட்டாள்.

அதற்குப் பெயர் பொறுமை என்றார் அதிகாரி. அது வேறு சொல்.

கடைசியாக இதைச் சொன்னான்: கல்யாணமானவன், துவான். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டான்.

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் மணியம்மா உட்கார்ந்திருந்தாள். போன வருடமே முதல் தடவையில் பாஸாகி நீல ஐ.சி. வாங்கியவள். ஒரு மாதமாக, வேலை விட்டதும் அவனை மருந்து ஸ்டோருக்குப் பின்னால் உட்காரவைத்து மலாய் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வீட்டில் ஒரே சத்தம், படிப்பு ஏறாது என்று அவன்தான் அந்த இடத்தைச் சொன்னான்.

நாய் வந்தபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அட்டைப்பூச்சி வந்தபோது எழுந்து நின்றாள். இதற்கு மேல் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யோவ்! செத்தியா நீ?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

சின்னக்கருப்பன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான்.

"செத்தியா, துவான்! செத்தியா! செத்தியா!"

அதேதான். விசுவாசத்துக்கு மலாயில் செத்தியா. 'ராஜாவுக்காக நீ செத்தியான்னு கேட்டா எப்படி இருக்கும், அப்படி ஞாபகம் வச்சுக்க' என்று அவள் நூறு தடவை சொல்லியிருந்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பதில் சொன்னது நீயா, அந்த அம்மாவா?"

சின்னக்கருப்பனுக்குத் தொண்டைக்குள் கப்பல் சங்கு ஊதியது.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான், துவான்."

அதிகாரி சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நானும் கல்யாணமானவன்தான், என் வீட்டிலும் எனக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு என்றார். விண்ணப்ப பாரத்தை இழுத்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். பாஸ்.

பிறகு, மரியாதை தெரிந்த மனிதர், பாரத்தில் மனைவியின் பெயர் எழுதியிருந்த இடத்தை விரல் வைத்துத் தேடிப் படித்தார். ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நன்றி, புவான் பாஞ்சாலை."

சின்னக்கருப்பன் தரையைப் பார்த்தான்.

மணியம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பரவாயில்லை துவான் என்று பிழையில்லாத மலாயில் பதில் சொன்னாள்.

பாஞ்சாலை அந்நேரம் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையாவது புருஷன் பாஸாக வேண்டும் என்று, விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்.