நீட்டிப்புப் படிவம்

தாயாரம்மாள் குழந்தையை முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைத்து வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே பாயில் கவிதா, மடியில் படிவம். வளர்ப்புக் குடும்பங்களைக் கண்காணிக்கும் வேலைக்கு அவள் புதிது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சுஜாதா, அவளுக்குப் பயிற்சி கொடுப்பவள். கவிதா கேள்வி கேட்பாள். சுஜாதா பேசாமல் பார்த்திருந்து, தவறுகளைத் திரும்பும்போது பஸ்ஸில் சொல்வாள்.

பயிற்சிக்கு கே.ஜி.கண்டிகையில் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததும் சுஜாதாதான்.

குழந்தை யுவஸ்ரீ இங்கே வந்து ஓர் ஆண்டு முடிகிறது. இன்றைய படிவத்தைப் பார்த்துத்தான் குழந்தை நலக் குழு அவளை இங்கேயே விடும், அல்லது குழந்தைகள் இல்லத்துக்குத் திருப்பி அனுப்பும்.

அரிவாள்மணை பரண்மேல் இருந்தது. நிலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து மாட்டுக் கொட்டகையில், பூட்டிய பெட்டிக்குள். குழந்தைக்குத் தனிப் பாய். தலையணை உறையில் அவள் பெயர் தைத்திருந்தது.

ஒரு குறையாவது கிடைக்காதா என்று சுஜாதா வீட்டை இரண்டாம் முறை பார்த்தாள்.

சீப்பு சிக்கில் மாட்டியது.

“வலிக்குது.”

“ஆடிகினே இருந்தா வலிக்காம? ரெட்டை ஜடை வேணும்னு நீதானடி கேட்ட. ஒழுங்கா குந்து, கழுத.”

“நீதான் கழுத.”

கவிதா திரும்பிப் பார்த்தாள். கழுதை என்பதை எழுத வேண்டுமா?

எழுதினால் நன்றாக இருக்கும் என்று சுஜாதாவுக்குத் தோன்றியது. வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தாயாரம்மாள் முடியை வேர்ப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். இழுப்பு மண்டைக்கு ஏறவில்லை. குழந்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

சுஜாதாவுக்கு வயிறு எரிந்தது.

வகுப்பில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குவாள். நாம் பார்க்கப் போகிற வீடுகள்மேல் பொறாமை வரும், வந்தால் மறைக்காதீர்கள், அந்த வீட்டின் கோப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள் என்பாள். எல்லோரும் குறிப்பெடுப்பார்கள். எனக்கு வந்தது என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

இரண்டாவது ஜடையும் முடிந்தது. யுவஸ்ரீ எழவில்லை. அப்படியே பின்னால் சாய்ந்துகொண்டாள். தாயாரம்மாளும் எழுப்பவில்லை.

கவிதா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

“சொந்தப் பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? போன வருஷம் இல்லன்னு போட்டிருக்கு.”

தாயாரம்மாளின் கை ரிப்பனில் நின்றது. கொஞ்ச நேரம் சீப்பில் சுற்றியிருந்த முடியை உருவினாள்.

“ஆங். அப்படியே போட்டுக்கோங்க.”

இல்லை என்று எழுதிவிட்டு, கவிதா படிவத்தைப் பின்னால் நீட்டினாள். பயிற்சியாளர் கருத்துக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: தகவல் பொய்யென்று தெரிந்தால் குழந்தை உடனே திரும்பப் பெறப்படும்.

பொய் என்று எழுத ஒரு வரி போதும்.

அதற்கான ஆதாரம் சுஜாதாவின் அலமாரியில் இருக்கிறது. அவளுடைய சொந்தக் கோப்பு. நான்கு வயது. திருத்தணி மலையில் முடி இறக்கிய அன்றே இல்லத்தில் விடப்பட்டவள். புகைப்படத்தில் மொட்டைத் தலை, காயாத சந்தனம். சுஜாதா என்பது இல்லத்தில் வைத்த பெயர்.

தாய் என்ற இடத்தில் இந்த ஊர், தாயாரம்மாளின் பெயர்.

சுஜாதா எழுதினாள். குழந்தை இங்கே நன்றாக இருக்கிறாள். பிரிக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது யுவஸ்ரீ நாற்காலியருகே வந்து நின்றிருந்தாள். தலையை இரு பக்கமும் ஆட்டிக் காட்டினாள்.

“நல்லாருக்கா டீச்சர்?”

“ஒண்ணு மேல ஏறியிருக்கு.”

இரண்டும் சமமாகத்தான் இருந்தன.