காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

“கட்! கட்! மயங்குப்பான்னு சொன்னா, கரன்ட் பில் கட்ட வரிசையில நிக்கிறவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கியே!”

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். காலையிலிருந்து அந்தத் தொப்பி வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல.

தளத்தில் ஒரு பொய்ப் படுக்கையறை. பொய் ஜன்னல், பொய் நிலா, தென்றலுக்கு ஒரு மேசை விசிறி. நடுவில் பட்டு உடையில் அவள். அவளை நெருங்கி, கழுத்தோரம் முகர்ந்து, உலகத்தையே மறக்க வேண்டிய விளம்பர மாடலை எல்லோரும் ‘ஆறடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் முகர வேண்டியது ‘மயக்கி’. பெண்களுக்காக வரவிருக்கும் புது சென்ட்.

சென்ட் கம்பெனி முதலாளி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

“முதல்ல பூ வாசனை வந்து மெதுவாக் கூப்பிடும். யாருன்னு திரும்பினா, கஸ்தூரி வந்து சட்டையப் புடிச்சு இழுக்கும். எந்த ஆம்பளையாலயும் தாங்க முடியாது” என்றார்.

“நீங்க தாங்கிக்கிட்டுத்தானே சார் உக்காந்திருக்கீங்க?” என்றாள் அவள்.

“நான் முதலாளிம்மா. எனக்கு மயக்கமெல்லாம் விற்பனைக் கணக்கப் பாத்தாதான் வரும்.”

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி எடுக்கலாம் என்று டைரக்டர் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நிஜ சென்ட், நிஜ மயக்கம். அதுதான் அவர் கொள்கை. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் தானே எழுந்து வந்து அவள் கழுத்தில் பீய்ச்சிவிட்டுப் போவார். விளக்குப் பிடிக்கிறவர் எப்போதோ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

அடுத்த டேக். ஆறடி வந்தான், குனிந்தான், முகர்ந்தான். பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கிறவன் முகம்.

“கட்!”

முதலாளி எழுந்தார்.

“பையன் மேல தப்பு சொல்லாதீங்க. வயிறு கட்டு கட்டாத் தெரியணும்னு நாலு நாளா வெறும் வெள்ளரிக்காயக் கடிச்சுக்கிட்டு உழைக்கிறான். சென்ட் மேலயும் தப்பில்ல. அப்ப மிச்சம் யாரு?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“வாசனை நல்லாத்தான் இருக்கு” என்றார் முதலாளி. “தடவின இடம்தான் சரியில்ல. சாப்பிட்டுட்டு வந்து ஒரே ஒரு டேக். அதுவும் தேறலைன்னா நாளைக்கு வேற ஆள வச்சு எடுத்துக்கலாம். கொஞ்சம் சின்னப் பொண்ணா.”

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. போன வருடமே சலவைத்தூள் விளம்பரத்தில் அவளை அம்மாவாக்கிவிட்டார்கள். இந்த வருடம் மூட்டுவலித் தைலத்துக்குக் கேட்டு வந்தார்கள். காதலியாக நிற்க இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் கை நழுவினால் அடுத்தது பல்செட்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேக்கப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பாவம், உள்ள உக்காந்து அழுவுது போல” என்றார் டைரக்டர், எலும்பைக் கடித்தபடி.

“அழட்டும். கண்ணு கொஞ்சம் கலங்கியிருந்தா நமக்கு நல்லதுதான்” என்றார் முதலாளி, இன்னொரு துண்டை எடுத்தபடி.

இடைவேளை முடிந்து அவள் வந்து நின்றாள். முதலாளி பாட்டிலோடு எழுந்தார்.

“வேணாம் சார். இந்தத் தடவை நானே போட்டுக்கிட்டேன். காதுக்குப் பின்னால.”

“நிறையவா?”

“ஒரு சொட்டுதான் சார்.”

“பாத்தீங்களா, இப்பத்தான் புத்தி வந்திருக்கு” என்று உட்கார்ந்தார் அவர்.

“ஆக்‌ஷன்!”

ஆறடி சலிப்போடு வந்தான். குனிந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

முதலில் கண்கள் விரிந்தன. பிறகு மெல்லச் சொருகின. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மூக்கு அவள் காதோரமாகத் தடவித் தடவி எதையோ தேடியது. உதடு துடித்தது. பிரிந்துபோன ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டவன்போல ஒரு பெருமூச்சு விட்டான். ஓரக்கண்ணில் நிஜமாகவே ஒரு துளி நீர் கோத்தது.

டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார். ஒருவழியாகச் சொன்னபோது ஆறடிக்கு அது காதில் விழவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

தளமே கை தட்டியது. முதலாளி நாற்காலி கவிழ எழுந்தார்.

“இதுதான்யா கஸ்தூரி! அவன் கண்ணுல தெரிஞ்ச அந்த ஏக்கத்தப் பாத்தீங்களா? படத்துக்குக் கீழ ‘இதில் நடிப்பு இல்லை’ன்னு பெரிய எழுத்துல போடுங்க!” அவள் பக்கம் திரும்பினார். “நீயும் பரவால்லம்மா. அடுத்த சென்டுக்கும் நீதான்.”

“எல்லாம் உங்க வாசனை சார்” என்று சிரித்துவிட்டு அவள் மேக்கப் அறையைப் பார்த்து நடந்தாள். கயிறு கட்டி இழுத்ததுபோல ஆறடியும் பின்னாலேயே போனான். டைரக்டர் தடுக்கப் பார்த்தார்.

“விடுங்க, போகட்டும்” என்று கண்ணடித்தார் முதலாளி. “இனிமே அவன யாராலயும் புடிச்சு வைக்க முடியாது.”

கதவருகே ஆறடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அக்கா, காதுக்குப் பின்னால தேய்ச்சுக்கிட்டு வந்தீங்களே, அந்தப் பொரிச்ச கோழி... ஒரு துண்டாவது மிச்சம் இருக்கா?”