ஏங்க

காது பரிசோதிக்கவே கட்டிய அறை அது. வெளிச்சத்தம் பொட்டுகூட உள்ளே போகாது. ஹெட்போனில் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்துவார். வெளியே என் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும்.

அன்று சோதனைக்கு வந்தவர் தகடு அடிக்கும் மெஷினில் முப்பது வருஷம் நின்றவர். உள்ளே, என் மேஜைக்கு எதிரே இருந்த கண்ணாடிச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஹெட்போனில் எவ்வளவு கூட்டி வைத்தும் விளக்கு எரியவில்லை. போதுமென்று சத்தத்தை நிறுத்தினேன். விளக்கு எரிந்தது. மறுபடியும் எரிந்தது.

உள்ளே போய் எழுதிக் காட்டினேன்: "சத்தமே வைக்கலையே, ஏன் அழுத்துனீங்க?"

"என் சம்சாரம் 'ஏங்க'ன்னு கூப்பிட்டாளே!"

அவர் மனைவி வெளியே என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வாயே திறக்கவில்லை. கதவை மூடிவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"கத்திக் கத்தித் தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். ரெண்டு வருஷமா வாயைத் தொறந்து கூப்பிடுறதே இல்லம்மா. மனசுக்குள்ளதான் கூப்பிட்டுக்குவேன்."

"இப்பவும் கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"கூப்பிட மட்டுமா செஞ்சேன்? தினம் தட்டு வைக்கிறப்ப மனசுக்குள்ள என்னென்னவோ சொல்லித் தொலைச்சிருக்கேனே. அதெல்லாமுமா கேட்டிருக்கும்?"

விளக்கு எரிந்தது. உள்ளே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தவர், இந்த முறை பட்டனிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.