டக் டக் சத்தம்

உதைத்ததும் கிளம்பிய பழைய பைக்கில் ‘டக் டக்’ சத்தத்தையே காணோம். கணவனுக்கு நம்ப முடியவில்லை.

“மூணு மெக்கானிக் இன்ஜின் வால்வுல டாப்பட் ஸ்க்ரூவை செட் பண்ணியும் மறுநாளே திரும்பி வந்த சத்தமாச்சே! யாரு சரி பண்ணது?”

“நான்தான்.” மனைவி விரலிலிருந்த ஆயிலைத் துடைத்தாள். “ஒவ்வொரு தடவையும் லூஸ் பண்ணதும் நான்தான்.”

அவன் வண்டியை அணைத்துவிட்டு அவளை முறைத்தான்.

“பொம்பளைக்கு எதுக்குடி மெக்கானிக் படிப்புன்னு புத்தகத்தைக் கிழிச்சீங்கல்ல? வேற வாங்கிப் படிச்சேன். தெருமுனையிலயே உங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தானே அதை ஒளிச்சு வைக்க முடியும்?”

“இப்ப எதுக்குடி சரி பண்ண?”

“பாஸாயிட்டேன். ஒர்க்‌ஷாப்ல வேலையும் கிடைச்சிருச்சு. இனிமே ஒளிக்க என்ன இருக்கு?” சாவிக்குக் கையை நீட்டினாள். “இறங்குங்க. முதல் நாளே லேட்டாப் போக முடியாது.”