கம்பியூட்டர் கீறின வீடு

ஸுல்பிகா நீட்டிய கைபேசியில் இருந்த வீட்டுப் படத்தைக் கட்டடக்கலைஞர் ஹுஸ்னியா குனிந்து பார்த்தாள். பொன் பூசிய தூண்கள். வாசலில் வாய் பிளந்த இரண்டு சிங்கங்கள்.

“ஏ.ஐ. கீறினது மகள், ஒரு நிமிசம் போகல்ல,” என்றார் ஸுல்பிகா. “இனி இதுக்குப் படிச்சாக்களே தேவையில்ல. மகன்ட கலியாணத்துக்கு முதல் இப்படியே எழும்பணும்.”

“கிண்ணியாவில, முஸ்லிம் வீட்டு வாசலில சிங்கச் சிலையா, மாமி? மாடிப்படியும் சுவரில போய் முட்டுது.”

“அதையெல்லாம் மேசன் பாத்துக்குவார்.”

“மகனுக்கு ஒபீஸ் அறை, ஜிம், ரெண்டு கார் நிக்க இடம். பொண்ணுக்கு?”

“சமைக்கிற குசினி எவ்வளவு பெரிசு, பாருங்க!”

“அவ இருந்து எழுதப் படிக்க?”

“கலியாணம் முடிச்சா அதுக்கெல்லாம் எங்க நேரம்?”

“கம்பியூட்டரில பிழையில்ல மாமி. உங்கட மனசில உள்ளதை அப்படியே கீறியிருக்கு.”

ஸுல்பிகா பூரித்துப்போனார்.

ஹுஸ்னியா கைபேசியை விரல் நுனியால் தள்ளிவிட்டாள்.

“ஆனா என்ட வாப்பா சீதனமாத் தாற காணியில இது எழும்பாது. உங்கட மகனுக்கு வேற பொண்ணு பாருங்க.”